கயிறு லிபெராத்தா வீட்டில்தான் இருந்தது

என் நாத்தனார் லிபெராத்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என்னால் இரண்டுதான் சொல்ல முடியும். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன். வாய் நீளம். பூசைக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. நான் கல்யாணமாகி, எங்கள் தீவின் பாறை ஓரத்து ஊரான டிங்லிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் வைத்த சூப்பை ஒரு கரண்டி வாயில் விட்டுவிட்டு, "ஏண்டி துமின்கா, இது சட்டி கழுவின தண்ணியா, இல்ல இனிமேத்தான் கழுவப் போறியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டவள். அவள் செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அந்த சூப்புக்கு நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை.

ஆனால் இப்போது ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. லிபெராத்தா ஒரு இங்கிலீஷ் துரையின் நாயைத் திருடினாளாம். அதனால்தான் பாறை ஓரத்து நிலம் போயிற்றாம். இதை மாதா கோயில் வாசலில் நின்று சொல்கிறவர்களுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. அவளுக்கு ஆயிரம் குறை உண்டு. நானே எண்ணிச் சொல்வேன். திருடி மட்டும் இல்லை. அன்றைக்கு அந்த வயலில் நின்ற நாலு பேரில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். அதனால் நான் சொல்வதுதான் நடந்தது.

லிபெராத்தாவின் தம்பி ருசார்தான் என் வீட்டுக்காரன். புருஷனை அவன் இவன் என்று பேசுகிறாயே என்று யாரும் என்னைத் திருத்த வரவேண்டாம். முப்பத்தோரு வருஷம் அவனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். கேட்டு முடித்தபிறகு உங்களுக்கே தெரியும்.

லிபெராத்தா வாக்கப்பட்டது முயல் வேட்டைக்காரன் விஸ்தினுக்கு. பிள்ளை இல்லை. பெரிய யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு காலை, வலை கட்டப் போன விஸ்தின் பாறை விளிம்பிலிருந்து கடலில் விழுந்து போனான். அவன் விட்டுப் போனது பாறை ஓரத்தில் ஒரு துண்டு நிலம், ஒரு சிவப்புப் பெட்டை நாய்க்குட்டி, முயல் வளைக்குள் விடுகிற ஒரு வெள்ளைக்கீரி, அந்தக் கீரியின் கழுத்தில் கட்டுகிற ஒரு பித்தளை மணி. அவ்வளவுதான். நாயை யாருக்காவது கொடுத்துவிட்டுப் பட்டணத்தில் யார் வீட்டிலாவது வேலைக்குப் போவாள் என்று ஊர் நினைத்தது. அவள் என்னடாவென்றால் விஸ்தினின் பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

ஊர் ரொட்டி அடுப்புக்கு முன்னால் பெண்கள் அவளை மடக்கினார்கள். "தாலியறுத்தவளுக்கு முயல் வேட்டை என்னடி?" என்கிற மாதிரி கேட்டாள் ஒருத்தி.

"நான் விதவைங்கறது முயலுக்குத் தெரியாது. நீ போய்ச் சொல்லிடாத," என்றாள் லிபெராத்தா.

அந்த நாய்க்குப் பெயர் ஃபியாமா. நெருப்புச் சுடர் என்று அர்த்தம். சரியான பெயர்தான். உடம்பெல்லாம் செம்பு நிறம். காது இரண்டும் வௌவால் மாதிரி விறைத்து நிற்கும். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் அதன் மூக்கும் காதும் வெட்கப்பட்ட பெண்ணின் கன்னம் போலச் சிவந்துவிடும். நான் நாய்களைப் பிடிக்காதவள். ஆனாலும் அது சிவப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இதை லிபெராத்தாவிடம் சொன்னதில்லை.

வேட்டை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். சாந்து வைக்காத கல்சுவர் ஓரமாக நாய் மோந்துகொண்டே போகும். முயல் இருக்கிற பொந்து வந்ததும் தொண்டைக்குள் ஒரே ஒரு சத்தம் கொடுத்துத் திரும்பிப் பார்க்கும். மற்றப் பொந்துகளில் எல்லாம் வலை போட்டுவிட்டு, மணி கட்டின வெள்ளைக்கீரியை உள்ளே விடுவார்கள். மணிச் சத்தம் கேட்ட அந்த நிமிஷமே நாய் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும், தாடை மண்ணில் படுகிற மாதிரி. நின்றால் அதன் நிழலுக்குப் பயந்து முயல் வெளியே வராது. அப்படிப் படுத்த நாய் மணி ஓய்ந்தாலும் எழுந்திருக்காது. கூப்பிட்டாலும், உதைத்தாலும், ஆட்டுக்கறியை மூக்கில் தேய்த்தாலும் அசையாது. யாராவது ஒருத்தர் கை அதன் முதுகில் படவேண்டும். பட்டால் அம்பு மாதிரி போகும். விஸ்தின் அப்படிப் பழக்கினான். அவன் அப்பனும் அப்படித்தான் பழக்கினான்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஆண் நாயை விற்பார்கள். பெட்டை நாயை விற்கமாட்டார்கள். இரவல்தான் கொடுப்பார்கள். ஜூன் கடைசியில் வருகிற இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு எல்லாரும் தோப்பில் கூடி முயல் பொரித்துச் சாராயம் குடித்துப் பாடுவோமே, அன்றைக்குக் கொண்டுபோகிற இரவல் நாய் மறு வருஷத் திருநாளுக்குள் வீடு வந்துவிட வேண்டும். குட்டி போட்டால் ஒரு குட்டி சேர்ந்து வரவேண்டும். இதற்குச் சாட்சி சீட்டு எதுவும் கிடையாது. கயிறுதான் சாட்சி. விற்ற நாய் என்றால் கழுத்துக் கயிறும் சேர்ந்து போகும். இரவல் நாய் என்றால் கயிற்றை அவிழ்த்து, கொடுத்தவர் வீட்டு ஆணியிலேயே மாட்டிவிடுவார்கள். வாங்கிப் போகிறவன் தன் கயிற்றைப் போட்டுக்கொள்வான். எங்கள் ஊர்க் கழுதைக்குக்கூட இது தெரியும்.

மேஜர் ஹாத்தர்லி துரைக்குத் தெரியாது.

பாறை ஓரத்தில் பட்டாளத்துக்காரர்கள் சுடப் பழகுவதற்கென்று முள்கம்பி வேலி போட்டார்கள். லிபெராத்தாவின் நிலம் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. உள்ளே போக ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இந்த ஹாத்தர்லி துரை. நெட்டையான ஆள், கோழி முட்டைக்குக் கோட்டு மாட்டின மாதிரி வழுக்கைத் தலை. அவர் வீட்டில்தான் ருசார் சாப்பாட்டு மேஜை வேலை பார்த்தான். நான் அங்கே துணி வெளுத்து இஸ்திரி போட்டேன். துரை ஒரு நாள் ஃபியாமா சுவரோரம் முயல் எழுப்புவதைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து அவருக்கு அந்த நாய் வேண்டும்.

ருசார் அக்காவிடம் வந்தான். "துரை நாயைக் கேக்கறார்க்கா. கொடுத்தா நிலத்துக்குச் சீட்டு போட்டுத் தர்றேங்கறார்."

"இரவல் தர்றேன். திருநாளிலேருந்து திருநாள் வரைக்கும். அதை அவன்கிட்ட ஒழுங்காச் சொல்லுவியா?"

"நான் சொல்லிக்கறேன்க்கா."

"நீ சொல்ற லட்சணம் எனக்குத் தெரியாது? துரை தும்மினா நீ மூக்கைத் துடைக்கிறவன்."

கொடுக்கும்போது நானும் இருந்தேன். லிபெராத்தா ஃபியாமாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். துரை ஒரு தோல் பட்டையை மாட்டினார். அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ருசார் தலையைத் தலையை ஆட்டி, இரண்டு கையையும் விரித்து, சிரித்து, குனிந்து என்னவோ சொன்னான். துரை நிலத்துச் சீட்டில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, லிபெராத்தாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். என்ன சொன்னாய் என்று அன்று மத்தியானம் ருசாரைக் கேட்டேன்.

"அன்பளிப்புன்னு சொன்னேன். அவர் முகம் எப்படிப் பூத்துது பார்த்தியா? ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்டி. அதுக்குள்ள அவருக்கு வேற நாய் ஆசை வந்துடும்."

நான் அப்போதே போய் லிபெராத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சூப்பு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

துரை வீட்டில் ஃபியாமாவுக்கு ஷீபா என்று பெயர் வைத்தார்கள். துரை கூப்பிட்டால் அது யாரையோ கூப்பிடுகிறார் என்று நின்று பார்க்கும். காலையில் ஆட்டெலும்புச் சூப், மத்தியானம் பிஸ்கோத்து. நானும் ருசாரும் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். நாய் முன்வாசல் வழியாகப் போகும். அதன் கம்பளியை நான்தான் வெளுக்க வேண்டும். "ஷீபா கம்பளியை உங்க துணிகளோட சேர்த்துப் போட்டுடாதே, பூச்சி ஏறிடும்" என்று துரைசானி சொன்னாள். யார் துணியிலிருந்து யார் துணிக்கு என்று புரிகிறதா?

சாப்பாட்டு மேஜையில் துரைசானி வேலைக்காரர்களைக் கூப்பிட ஒரு சின்னப் பித்தளை மணி வைத்திருந்தாள். அவள் அதை ஆட்டினால் ருசார் ஓடிவருவான். ஃபியாமா பொத்தென்று தரையில் படுத்துவிடும், தாடை தரையில் பட. துரைக்கு ஒரே பெருமை. "பாருங்கள், எவ்வளவு மரியாதை! நாம் சாப்பிடும்போது எழுந்திருக்கவே மாட்டாள்," என்று விருந்தாளிகளிடம் சொல்வார். சாப்பிட்டு முடித்துத் துரைசானி முதுகில் தட்டினதும் எழுந்து ஓடும். அது முயலுக்காகப் படுத்திருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கும் ருசாருக்கும் தெரியும். நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்? அந்த வீட்டில் எங்களுக்கு என்று இருந்த ஒரே சிரிப்பு அதுதான்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் எலுமிச்சை மரத்தடியில் ஒரு வரிசைச் சின்னக் கற்கள் இருந்தன. நான் முதலில் பூச்செடிக்குப் பாத்தி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாய்க் கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வருஷம், ஒன்றில் பூ மாலைகூட வெட்டியிருந்தது. எந்தத் துரை மாற்றலாகிப் போனாலும் நாயைக் கொண்டுபோக முடியாதாம். இங்கிலாந்தில் இறங்கினால் ஆறு மாசம் நாயைப் பூட்டி வைத்துவிடுவார்களாம். இங்கேயே விட்டுப் போகவும் மனசு வராதாம், நம்மிடம் பட்டினி கிடந்து அடிபட்டுச் சாகுமாம். அதனால் போவதற்கு முன்னால் அவர்களே சுட்டுப் புதைத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் கருணை. ஹாத்தர்லி துரை இந்தியாவில் இரண்டு, எகிப்தில் ஒன்று இப்படிக் கருணை காட்டினவர்.

என் மூத்தவன் சால்வு பதினோரு மாசத்தில் காய்ச்சலில் போனான். குழந்தைகளுக்கான பொதுக் குழியில்தான் வைத்தோம். கல் இல்லை, பெயர் இல்லை. எந்த மூலை என்றுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை. நான் அந்த எலுமிச்சை மரத்தடியில் தினமும் ஈரத்துணி உலர்த்தினேன். 

மறு வருஷத் திருநாள் வந்தது, போயிற்று. நாய் வீடு வரவில்லை. லிபெராத்தா கருப்பு முக்காட்டை மாட்டிக்கொண்டு துரை வீட்டு முன்வாசலுக்கே வந்துவிட்டாள். ருசார் ஓடிவந்து கையை ஆட்டினான்.

"பின்பக்கம் வாக்கா, பின்பக்கம்!"

"என் நாய் இந்த வாசல் வழியாத்தானே போச்சு? நானும் இப்படியே வர்றேன்."

துரை வெளியே வந்தார். லிபெராத்தா கையை நீட்டி, "தவணை முடிஞ்சுது. நாயைக் கொடு," என்றாள். ருசார் இங்கிலீஷில் சொன்னது அது இல்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் இஸ்திரிப்பெட்டியோடு நின்றேன். சமையல்கட்டு இங்கிலீஷ் எனக்கு அதற்குள் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. இந்த அம்மாள் நாயைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்றான். துரை சிரித்து, சமையல்காரியிடம் சொல்லி லிபெராத்தாவுக்கு ஒரு துண்டு கேக் கொடுக்கச் சொன்னார்.

கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் அவள். பிறகு அதைக் கீழே எறிந்துவிட்டு, "ஃபியாமா!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து நாய் பாய்ந்து வந்தது. மூக்கும் காதும் ரத்தச் சிவப்பு. துரை அதன் பட்டையைப் பிடித்து நிறுத்தினார். சிப்பாய் வந்து லிபெராத்தாவைப் பாதை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவள் முகாம் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு.

அந்த செப்டம்பர் மாசம் பட்டாளம் மாறுகிறது என்று சேதி வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கப்பல். அதற்கு முந்தின புதன்கிழமையே கல் வந்துவிட்டது. ஊர்க் கல்தச்சன்தான் வெட்டினான், நல்ல வெள்ளைக் கல், ஷீபா என்று ஆழமான எழுத்து. எனக்கு எழுத்துத் தெரியாது, சமையல்காரி படித்துச் சொன்னாள். கல்லை எலுமிச்சை மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபியாமா வந்தது, கல்லை மோந்தது, காலை மடக்கி அதன்மேலேயே மூத்திரம் பெய்துவிட்டுப் போயிற்று. சமையல்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டையும் ஒரே துவாலையில் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை என்று துரையின் ஏவல் சிப்பாய் சொன்னான். துரை தானே செய்வாராம். மற்றவர் கையில் விடமாட்டாராம்.

நான் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் லிபெராத்தாவின் கதவைத் தட்டினேன். அவள் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உப்பு வேணுமா? உன் சமையலுக்கு உப்பு போதாதுடி, வேற ஏதாவது வேணும்."

"சனிக்கிழமை காலைல சுடப் போறாங்க அக்கா. கல்லுகூட வந்தாச்சு."

அவள் உட்கார்ந்தாள். எப்போதும் நிற்கிறவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பிறகு நான் இன்னொன்றையும் சொன்னேன், ருசார் அன்பளிப்பு என்று சொன்னதை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்த. இப்ப எதுக்குடி வந்த?"

"கல்லுக்காக வந்தேன்," என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. கேட்கவில்லை.

எழுந்து போய் ஆணியிலிருந்து பழைய கயிற்றை எடுத்து வந்தாள். "என்னை உள்ள விடமாட்டான். உன்னை விடுவான். துணி காயப்போடற சாக்குல பின்சுவர்கிட்ட போ. இதை மோந்து பார்க்கவிடு. தோல் பட்டையை அவிழ்த்துடு. சுவர் தாண்டினா வரும். நான் கீழ் வயல்ல கரோப் மரத்தடில நிப்பேன். அங்கேருந்து பாறை இறக்கத்துக்கு அம்பது அடி. பூட்ஸ் போட்டவன் எவனும் அதுல இறங்கமாட்டான்."

"மாட்டிக்கிட்டா என் வேலை போயிடும்."

"போகட்டும். உன் இஸ்திரியைப் பார்த்திருக்கேன்."

இதுதான் லிபெராத்தா. உதவி கேட்கிற நேரத்தில்கூட.

சனிக்கிழமை காலை பனி விலகி வெயில் வந்திருந்தது. நான் கூடை நிறையத் துணியோடு பின்சுவருக்குப் போனேன். ஃபியாமா என் பின்னாலேயே வந்தது. கயிற்றைப் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். அது மோந்தது. காது நுனியிலிருந்து சிவப்பு பரவிற்று. நான் பட்டையை அவிழ்க்கப் பார்த்தேன், விரல் வழுக்கிற்று, மறுபடி பிடித்து அவிழ்த்தேன். அது சுவர்மேல் ஏறி நின்று ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அறுவடை முடிந்த பார்லி வயலில் குதித்து ஓடிற்று.

தாழ்வாரத்திலிருந்து துரை பார்த்துவிட்டார். கையில் கைத்துப்பாக்கி. "ஷீபா! ஷீபா!" அது யார் பெயரோ. நாய் திரும்பவில்லை. கரோப் மரத்தடியில் லிபெராத்தா தெரிந்தாள். பாதி வயல் தாண்டிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது ருசார் மேஜையிலிருந்து துரைசானியின் மணியை எடுத்துத் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து ஆட்டினான்.

துரை ஆட்டச் சொல்லவில்லை. துரைக்கு அது தெரியவே தெரியாது. அவனாகவே எடுத்தான். விஸ்தினோடு சின்ன வயசிலிருந்து வேட்டைக்குப் போனவன் அவன். அந்த மணி என்ன செய்யும் என்று தெரிந்து ஆட்டினான்.

ஃபியாமா வயல் நடுவில் விழுந்தது. சுட்ட மாதிரி விழுந்தது. தாடை மண்ணில்.

லிபெராத்தா ஓடிவந்தாள், விஸ்தினின் பூட்ஸோடு. துரை சுவர் ஏறிக் குதித்து எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்தார். ருசாரும் நானும் பின்னால். அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். ஆனால் துரை அதற்குள் பத்தடிக்கு வந்துவிட்டார். துப்பாக்கி நேராக இருந்தது. அவள் நாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றாள், முதுகைத் தொடவில்லை. தொட்டால் அது பாயும், பத்தடியில் குண்டுக்கு எதுவும் தப்பாது.

துரை ஏதோ சொன்னார். ருசார், "நகரச் சொல்றார்க்கா," என்றான்.

"நான் நகரமாட்டேன்னு சொல்லு. இது அன்பளிப்பு இல்ல, இரவல்னு சொல்லு. ஒரு வருஷத்துக்கு முந்தி சொல்லவேண்டியதை இப்பச் சொல்லுடா."

ருசார் துரையின் பூட்ஸைப் பார்த்தான்.

அவள் என் கையிலிருந்த கயிற்றைக் காட்டினாள். "கயிறு யார்கிட்ட இருக்குன்னு சொல்லு. நீ என் அம்மா வயித்துலதானடா பொறந்த? சொல்லு."

"அக்கா, வேலை போயிடும். விடேன். ஒரு நாய்தானே."

துரை பொறுமையிழந்து இன்னும் இரண்டடி வந்தார். லிபெராத்தாவின் தோளைப் பிடித்து ஒதுக்கக் கை நீட்டினார்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. லிபெராத்தா மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக் கல்தான் கண் முன்னால் நின்றது. எனக்குப் பேசத் தெரிந்த இங்கிலீஷ் சோப்பு, தண்ணீர், சூடு, நாளைக்கு, இவ்வளவுதான். அதோடு இன்னும் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துத் துரையைப் பார்த்துக் கத்தினேன். நாய் அவளுடையது. இவன் உங்களிடம் பொய் சொன்னான். இவன் பொய்யன். விரலை நீட்டி என் புருஷனைக் காட்டினேன்.

துரை திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, இஸ்திரிப்பெட்டி பேசினால் யார் அதன் முகத்தைப் பார்ப்பார்கள்? ருசாரைத்தான் பார்த்தார். அந்தத் திரும்பல் எவ்வளவு நேரம்? மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறை மந்திரத்தில் முதல் வார்த்தை சொல்கிற நேரம்.

லிபெராத்தா குனிந்து முதுகைத் தொட்டாள்.

ஃபியாமா போயிற்று. துரை இரண்டு தடவை சுட்டார். முதல் குண்டு மண்ணில். இரண்டாவது அதன் இடது காதைக் கிழித்தது. ஆனால் நிற்கவில்லை, பாறை விளிம்பில் மறைந்தது. அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே லிபெராத்தா கரோப் மரத்தைத் தாண்டி, உட்கார்ந்து வழுக்கி, அந்த இறக்கத்தில் இறங்கிவிட்டாள். நாற்பது வயசுக்காரி, முக்காடு காற்றில் பறக்க.

துரை விளிம்பு வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ருசார் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னான். துரை கைத்துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு பேசினது எனக்கு முழுக்கப் புரியவில்லை. பிற்பாடு ருசார்தான் சொன்னான். "யார் நாய் என்பது எனக்கு முக்கியமே இல்லை. இரவல் என்று தெரிந்திருந்தாலும் சுட்டுத்தான் இருப்பேன். உங்களிடம் விட்டுப் போகமாட்டேன்." அவ்வளவுதான் நான் கத்தின உண்மைக்கு மதிப்பு. அவர் தலை திரும்பினதுதான் லாபம்.

அன்று மத்தியானமே எங்கள் இரண்டு பேர் வேலையும் போயிற்று. சிப்பாய்கள் இரண்டு நாள் பாறை மேல் நடந்து பார்த்தார்கள். லிபெராத்தா கீழே ஒரு குகையில் நாயோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஆளில்லாத நேரம் பார்த்து, ரொட்டியையும் தண்ணீர்க் குடுக்கையையும் அதே நாய்க் கயிற்றோடு இன்னொரு கயிற்றைச் சேர்த்துக் கட்டி இறக்குவேன்.

கீழேயிருந்து குரல் வரும். "ரொட்டி கல்லு மாதிரி இருக்குடி! என்னைக் காப்பாத்தப் பார்க்கிறியா, கொல்லப் பார்க்கிறியா?"

"பிடிக்கலேன்னா நாய்க்குப் போடு!"

"அதுவும் வேண்டாங்குது!"

செவ்வாய்க்கிழமை கப்பல் போயிற்று. லிபெராத்தா ஏறி வந்தாள். நாயின் காது இரண்டாகப் பிளந்து, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆனால் துரை போகிறதற்கு முன்னால் சீட்டைக் கிழித்து, புது மேஜரிடமும் எழுதி வைத்துவிட்டுப் போனார். லிபெராத்தாவின் நிலம் வேலிக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அவள் சாகும்வரை அதில் கால் வைக்கவில்லை. நாய் மிஞ்சிற்று, நிலம் போயிற்று. நாயைத் திருடினதால் இல்லை, நாயைத் திருப்பிக் கேட்டதால்.

தம்பியோடு அவள் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தாள், தள்ளி நடந்தாள். நான்? எனக்குப் போக வேறு இடம் இல்லை. அவனோடேயே இருந்தேன். சமைத்தேன், துவைத்தேன். முயல் மட்டும் சமைக்கவில்லை. திருநாளுக்குத் திருநாள், ஊரே பூண்டும் திராட்சைச் சாராயமும் ஊற்றி முயல் வதக்குகிற மணம் தெருவெல்லாம் வரும். அவன் அடுப்பைப் பார்ப்பான். அடுப்பில் பூசணி இருக்கும். இருபத்தேழு திருநாள். ஏன் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

லிபெராத்தாவும் நானும் சிநேகிதமானோம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆகவில்லை. பட்டாளம் போன அடுத்த வாரம் அவள் ஒரு கழுதை வண்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். வண்டியில் அந்த வெள்ளைக் கல். புதைக்க நாய் இல்லாமலே எலுமிச்சை மரத்தடியில் நட்டு வைத்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பின்பக்கம் வழவழன்னு இருக்கு. கல்தச்சன்கிட்ட சொன்னா சால்வுன்னு வெட்டிக் கொடுப்பான்," என்றாள். முகத்தைக் கழுதைப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நாய் மூத்திரம் பெஞ்ச கல்லா என் பிள்ளைக்கு? அந்தத் துரை வெட்டச் சொன்ன கல்லா? எடுத்துட்டுப் போ!"

"திமிர் பிடிச்சவளே," என்றாள்.

"நீதான்," என்றேன்.

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், தன் முயல் பட்டிக்கு வாசற்படியாக எழுத்து கீழே வருகிற மாதிரி அந்தக் கல்லைப் போட்டாள். சால்வுக்கு இன்றுவரை கல் இல்லை. சரிதான். அந்தக் கல் வேண்டாம்.

ஃபியாமா பதிமூன்று வயசு வரை இருந்தது. அதன் குட்டிகளின் குட்டிகள் பக்கத்து ஊர்களான ரபாத்திலும் சிக்கீவியிலும் இன்னும் முயல் எழுப்புகின்றன. பெட்டைகள் எல்லாம் இரவல் போனவை, ஒன்றுகூட விற்றதில்லை. லிபெராத்தாவின் வீடு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பட்டிக்குள் போகும்போதெல்லாம் அந்தக் கல்லை மிதித்துத்தான் போகிறேன், கொஞ்சம் அழுத்தியே மிதிக்கிறேன்.

திருடி என்று சொல்கிறவர்கள் கோயில் வாசலில் நின்று சொல்லவேண்டாம். இங்கே வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வலது பக்கச் சுவரில் ஆணி. கயிறு அதில்தான் தொங்குகிறது, நாய்ப் பல் பட்டு நைந்த இடம்கூடத் தெரியும். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.